ஒன்பதாம் மலைக்குத் திரும்பிய மிலாறு

இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள். மூவரும் தோட்டங்களில் பணியில் இருக்கும் வெளிக்கள உத்தியோகத்தர்கள். ஒருவர் நுவரெலியாப் பக்கம், மற்ற இருவரும் ஹட்டன் பக்கம். மூவரும் கேட்டது ஒரே கேள்வி: "சேர், இந்த வருசம் கவ்வாத்த எப்ப தொடங்கலாம்?"

தேயிலைச் செடியை நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை முழங்காலுக்குச் சற்று மேலே வெட்டி, புதிதாகத் தழைக்க விடுவது கவ்வாத்து. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதற்கு எவரும் நாள் கேட்டதில்லை. வைகாசி முடிவில் மழை இறங்கும். இறங்கிய வாரத்தில் கத்திகளைத் தீட்டுவோம். அந்த வாரம் எது என்று இப்போது யாருக்கும் தெரிவதில்லை.

மூவருக்கும் நான் தேதி சொல்லவில்லை. என்னிடம் தேதி இல்லை. ஆனால் எதைப் பார்த்துத் தொடங்க வேண்டும், தொடங்கிய பின் எதைச் செய்யவே கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். செய்யக் கூடாததை நானே ஒருமுறை செய்தேன். அதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியாது. ஆகவே எழுதுகிறேன்.

பூண்டுலோயாவில் படிப்பை முடித்துவிட்டு, கொத்மலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்தேன். ஆறு ஆண்டுகள் ஆள் எண்ணினேன், கொழுந்து நிறுத்தேன், திட்டு வாங்கினேன். பிறகு ஹட்டனுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில், ஒரு பிரிவின் வெளிவேலை முழுவதையும் பார்க்கும் கண்டாக்கு ஆனேன். ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை.

முதல் நாளிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருந்தேன். மாலை வீடு திரும்பியதும் குறிப்பேட்டில் ஐந்து வரி எழுதுவேன். மழை, வெயில், காற்று, எந்த மலை, எத்தனை பேர். எங்கள் பேச்சில் மலை என்பது தேயிலை நிலத்தின் ஒரு துண்டு. ஒவ்வொரு மலைக்கும் நம்பர் உண்டு.

முதல் பத்துக் குறிப்பேடுகளை அடுக்கி வைத்துப் படித்தால் ஒரே ஆண்டைத் திரும்பத் திரும்ப எழுதியதுபோல் இருக்கும். பிந்தியவை அப்படியில்லை. மாசியில் வெள்ளம் வந்திருக்கிறது. ஆனியில் புல் கருகியிருக்கிறது. ஒரு பக்கத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கு ஆலங்கட்டி, அடுத்த பக்கத்தில் காலை உறைபனி. முதல் வரி மாறியபோதெல்லாம் ஐந்தாவது வரியும் மாறியிருக்கிறது. எல்லா மலையிலும் ஒரே வாரத்தில் கொழுந்து பொங்கினால் பறிக்க ஆள் போதாது. சுற்று முடிந்து திரும்புவதற்குள் இலை முற்றிவிடும். அடுத்த மூன்று வாரம் பறிக்க எதுவும் இராது, வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. அப்படி இரண்டு பருவம் போனால், தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களிலிருந்து ஆட்கள் கொழும்புக் கடைகளுக்குப் போய்விடுவார்கள். போனவர்களில் திரும்பியவர்கள் குறைவு.

தோட்டத்தை நிர்வகித்த எங்கள் பெரிய துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்களவர். தமிழை மலையில் நின்றே கற்றவர். ஜீப்பை எப்போதும் மலையின் அடியில் விட்டுவிட்டு மேலே நடப்பார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. யார் எந்தச் செய்தியைக் கொண்டு போனாலும் முதலில் ஒரே கேள்விதான் கேட்பார்: "பார்த்ததா, கேட்டதா?"

"பன்னிரண்டாம் மலையில கொப்புள நோய் விழுந்திருக்குங்க சேர்" என்று ஒருநாள் சொன்னேன்.

"பார்த்ததா, கேட்டதா?"

"கங்காணி சொன்னாருங்க."

"அப்ப கங்காணிய அனுப்புங்க. ஒங்களுக்கு ஏன் கால் வலி?"

அதன் பிறகு நான் பார்க்காத எதையும் அவரிடம் சொன்னதில்லை. கேட்டதைச் சொல்ல நேர்ந்தால், கேட்டது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

கவ்வாத்துக்கு முன் செடியின் வேரைப் பரிசோதிக்க வேண்டும். வெட்டியபின் செடிக்கு ஒரு இலைகூட இராது. வேரில் சேர்த்து வைத்த மாச்சத்தை உண்டுதான் அது மீண்டும் துளிர்க்கும். மாச்சத்து இல்லாத செடியை வெட்டினால் அப்படியே காய்ந்துபோகும். மலையின் அடி, நடு, உச்சி என்று மூன்று இடத்தில், ஒவ்வோரிடத்திலும் ஐந்து செடி. றோட்டோரச் செடிகள் வேண்டாம். அவை எப்போதும் கொழுத்திருக்கும், ஆளை ஏமாற்றும். செடியிலிருந்து ஒரு முழம் தள்ளி மண்ணைக் கிளறி, பென்சில் தடிப்பில் ஒரு வேரை எடுப்பேன். கழுவித் துடைத்துச் சாய்வாக நறுக்கி, வெட்டுமுகத்தில் அயடின் இரண்டு சொட்டு விடுவேன். கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் காத்திருப்பேன். கருநீலமாக மாறினால் செடிக்குச் சாப்பாடு இருக்கிறது. மஞ்சளாகவே நின்றால் ஒரு மாதம் கொழுந்து பறிக்காமல் ஓய்வு கொடுத்துவிட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். கோடை நீண்ட ஆண்டுகளில் உச்சிச் செடிகள் மஞ்சளாகவே நிற்கும். உச்சிக்கு ஏறாமல் எழுதப்படும் அறிக்கையை நம்பாதீர்கள்.

இந்தப் பரிசோதனையில் நான் தவறியதில்லை. நான் தவறியது அதற்குப் பிறகு, மிலாற்றில்.

வெட்டி விழுந்த கிளைகளை மிலாறு என்கிறோம். அதை வெட்டிய செடியின் மேலேயே பரப்பிவிட வேண்டும். மொட்டையான கொம்புகளில் வெயில் நேரே விழுந்தால் பட்டை வெந்து வெடிக்கும். வெடிப்பின் வழியே நோய் இறங்கும். மொட்டு கட்டிய பின் மிலாற்றை எடுத்துச் செடி வரிசைகளுக்கிடையே போடலாம். விதி இது. வழக்கம் வேறு. நன்றாய்க் காய்ந்த மிலாறு போல எரியும் விறகு மலையில் இல்லை. கவ்வாத்து நடக்கும் மலையிலிருந்து மாலையில் ஆளுக்கொரு கட்டு லயத்துக்குப் போகும். கண்டாக்கு வீட்டுக்குக் கேட்காமலே இரண்டு கட்டு இறங்கும். மழை ஒழுங்காகப் பெய்த காலத்தில் இதனால் ஒரு கெடுதியும் வந்ததில்லை.

காஸ் கிடைக்காத ஆண்டில் ஒன்பதாம் மலைக்குக் கவ்வாத்து முறை வந்தது. டவுனுக்கு வெறும் சிலிண்டரைத் தூக்கிப் போனவர்கள் வெறும் சிலிண்டரோடு திரும்பினார்கள். மண்ணெண்ணெயும் இல்லை. ஒன்பதாம் மலை கீழ் லயத்தை ஒட்டியது, மேற்குப் பார்த்த சரிவு. நாற்பது பெண்களுக்கு அங்கே நிரை உண்டு. நிரை என்பது ஒருவர் பறிப்பதற்கென்று பிரித்துக் கொடுத்த சில செடி வரிசைகள். எங்கள் பிரிவில் கவ்வாத்துக்குப் பிறகும் அவரவர் நிரை மாறாது.

வைகாசியின் நடுவிலேயே மழை தொடங்கியது. எட்டு நாள் விடாமல் பெய்தது. பருவமழை முந்திவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். வேர்ப் பரிசோதனை பதினைந்து செடியிலும் கருநீலம். கவ்வாத்துக் கங்காணி சிவனுவின் ஆட்கள் வெட்டத் தொடங்கினார்கள். நல்ல வெட்டு, ஒரு கொம்புகூடப் பிளக்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை மரகதம் வந்து என் முன்னே நின்றார். அந்த மலையில் முதல் நிரை அவருடையது. பெண்கள் கூட்டமாக எதையாவது கேட்க வேண்டுமென்றால் அவர்தான் வாய் திறப்பார்.

"ஐயா, மழதான் ஊத்துதே, செடிக்கு எதுக்குங்க போர்வ? வீட்ல அடுப்பெரிய வழியில்ல. மிலாற எடுத்துக்கிறோமுங்க."

"ஆளுக்கு எத்தன கட்டு?"

"எம்புட்டு தூக்க முடியுமோ அம்புட்டு."

எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அன்றைய குறிப்பில், "மிலாறு எடுக்க அனுமதி. மழை உண்டு" என்று எழுதினேன். ஒரு வாரத்தில் மலை துடைத்து வைத்ததுபோல் ஆயிற்று. எங்கள் குவாட்டர்ஸ் கூடத்திலும் இரண்டு கட்டு இருந்தது.

கவ்வாத்து முடிந்த மறுநாள் மழை நின்றது. மேகம் ஒன்றுகூட இல்லாத வெயில். மேற்கிலிருந்து வறண்ட காற்று. ஐந்தாம் நாள் பிற்பகல் சிவனு என்னை உச்சி நிரைக்குக் கூட்டிப் போனார்.

"கைய வச்சுப் பாருங்கய்யா."

மேற்குப் பக்கத்துக் கொம்பில் கை வைத்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைத் தொட்டதுபோல் இருந்தது. பட்டை இன்னும் வெடிக்கவில்லை.

"எத்தன நாளு தாங்கும்?"

"நாலு நாளு. மிஞ்சினா அஞ்சு. அப்புறம் இது வெறகுதாங்கய்யா, நட்டு வச்ச வெறகு."

மேல் பிரிவில் பதினான்காம் மலை அப்படித்தான் போயிற்று. செடி செத்த நிலத்தில் விறகுக்கு வளர்க்கும் மரம் நட்டார்கள். கொழுந்து இல்லாததால் அங்கிருந்த லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஒன்பதாம் மலை போனால் கீழ் லயத்துப் பெண்கள் தூர மலைகளுக்கு உதிரி ஆளாகத்தான் போக வேண்டும். கொழுந்து குறைந்த வாரங்களில் முதலில் வேலை இழப்பவர்கள் உதிரி ஆட்கள்.

நேரே ஆபீசுக்குப் போனேன். துரை எழுதிக்கொண்டிருந்தார்.

"ஒன்பதாம் மலை சுடுதுங்க சேர். பார்த்தது."

பேனாவை மூடினார். "மழை?"

"நாளை மறுநாள் வரும்னு போன்ல போட்டிருக்கு. அது கேட்டது."

"மிலாறு எங்க?"

"லயத்துல. என் வீட்லயும் ரெண்டு கட்டு."

"யார் எடுக்கச் சொன்னது?"

"நான்தாங்க சேர்."

சன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் ஓடர் போட்டா கொண்டு வருவாங்க. மலையில போடுவாங்க. இருட்டினதும் திரும்ப எடுத்துட்டுப் போவாங்க. குடுத்தது நீங்க. நீங்களே போய்க் கேளுங்க."

மறுநாள் காலை, ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்கும் முன்பே பேசினேன். ஆறு நாள் வெயில், செடி சுடுகிறது, மூட வேண்டும், மிலாறு மலைக்குத் திரும்ப வேண்டும். இவ்வளவுதான் சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"பாதி அடுப்புல போயிருச்சுங்கய்யா. சாம்பலு கெடக்கு, அள்ளிட்டு வரட்டுங்களா?"

"எரிஞ்சது போகட்டும். எரியாதது வேணும்."

"அப்ப சோறு? வெயில்ல வச்சா வெந்திருமா?"

"செடியே வேகுதுங்கிறாரு, அரிசி வேகாதாடி?"

களம் முழுவதும் சிரிப்பு. மரகதம் மட்டும் சிரிக்கவில்லை.

"குடுத்தத திருப்பிக் கேக்குறது என்னா வழக்கமுங்க? சரி, அத விடுங்க. ஐயா வீட்டுக்கு ரெண்டு கட்டு எறக்குனாங்களே, அது எப்ப மலைக்கு வருது?"

"இப்ப வருது" என்றேன்.

ஆட்களை அங்கேயே நிற்க விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கூடத்துக் கட்டுகளை நான் வெளியே இழுப்பதை என் மனைவி பார்த்தார்.

"என்னாங்க இது?"

"மலைக்குப் போகுது."

"ராத்திரிச் சோறு?"

"தெரியல."

அவர் கயிற்றை இழுத்து இறுக்கிக் கட்டினார். "தலையில வைக்காதீங்க, ஒங்களுக்குப் பழக்கமில்ல. தோள்லயே வச்சுக்கங்க. வழியில விழுந்து வச்சா ஹட்டன் வரைக்கும் சிரிப்பாங்க."

கண்டாக்கு விறகு சுமப்பது எங்கள் தோட்டத்தில் நடக்காத காரியம். பெரட்டுக் களத்தைக் கடந்தபோது சிவனு ஓடிவந்து கட்டைப் பிடித்தார். விடச் சொன்னேன். பின்னால் ஒரு குரல்: "ஒரு கட்டுதான் தூக்குறாரு. ஐயாவுக்கு இன்னைக்கு அரநாளு சம்பளந்தான்!"

"ரெண்டாவது கட்டு இருக்கு. எண்ணிக்கிட்டே நில்லுங்க" என்றேன்.

உச்சி நிரை வரை ஏற இருபது நிமிடம் பிடித்தது. முதல் செடியின் மேல் கட்டை இறக்கிவிட்டு இரண்டாவது கட்டுக்காக இறங்கியபோது, செல்வராணி எதிரே ஏறி வந்துகொண்டிருந்தார். கீழ் லயத்தின் கடைசி வீடு அவருடையது. புருசன் இல்லை, இரண்டு பிள்ளைகள். தலையில் ஒரு பெரிய கட்டு.

"வீட்ல இன்னும் மூணு கெடக்குங்கய்யா. எல்லாத்தையும் கொண்டாரேன்."

"அடுப்புக்குக் கொஞ்சம் வச்சுக்கிறதுதானே?"

"செடி போச்சுன்னா அடுப்புல வைக்க என்னா இருக்கப் போவுது?"

அவருக்குப் பின்னால், வேடிக்கை பார்க்க ஏறிய பெண்களோடு மரகதம் வந்தார். என் அருகில் நின்று மூச்சு வாங்கினார். "தூக்கிட்டு வர்றோம். ஆனா ஒண்ணு. மொட்டு கட்டுனதும் இந்த மிலாறு எங்களுக்கு. நாளைக்கு வேற கண்டாக்கு வந்து இல்லங்கக் கூடாது. எழுதிக் குடுங்க."

குறிப்பேட்டை எடுத்து அங்கேயே எழுதி, கையெழுத்துப் போட்டு, உரக்கப் படித்துக் காட்டி, தாளைக் கிழித்துக் கொடுத்தேன். அதைக் கேட்ட பிறகுதான் மற்றப் பெண்கள் லயத்தை நோக்கி இறங்கினார்கள்.

திரும்பி வந்தது எடுத்ததில் பாதிதான். இலை உதிர்ந்த வெறும் குச்சிகள். நிழலுக்குப் போதாது. அதற்கு வழி சொன்னவர் சிவனு. செடியின் மேல் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, அதன்மேல் ஓடைக்கரையில் அறுத்த மானாப்புல்லைப் பரப்ப வேண்டும். புல் வெட்டுவாயில் படக்கூடாது, காற்றுப் போக வழி இருக்க வேண்டும். ஆண்கள் புல் அறுத்தார்கள், பெண்கள் மூடினார்கள். வெயில் அதிகம் படும் உச்சியிலிருந்து தொடங்கிக் கீழே வந்தோம். அந்த வரிசையைத் தீர்மானித்தவன் நான். இன்றும் அதே வரிசையில்தான் செய்வேன்.

மூடத் தொடங்கிய அன்று பிற்பகல் லயத்தருகே லொறிச் சத்தம் கேட்டது. எல்லைக் காட்டில் முன்பு காற்றுக்குச் சாய்ந்த மரங்களைத் துண்டு போட்டுத் துரை அனுப்பியிருந்தார். ஒரு சீட்டுகூட இல்லை. சாரதி மட்டும், "வீட்டுக்கு வீடு பிரிச்சுக் குடுக்கச் சொன்னாரு" என்றார். அன்று இரவு எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தது, எங்கள் வீட்டிலும்.

மூன்று நாள் மூடினோம். குச்சியும் புல்லும் தீர்ந்துவிட்டன. கீழ் மூலையில் சில வரிசைகள் மூடப்படாமல் நின்றன. போன் சொன்ன நாளில் மழை வரவில்லை. அதற்குப் பின் ஒன்பதாம் நாள்தான் வந்தது.

ஏழாவது வாரம் உச்சி நிரையில் மொட்டு கட்டியது. நானும் சிவனுவும் செடி செடியாகக் குனிந்து பார்த்தோம். மூடியவற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் போயிருந்தன. மூடாத கீழ் மூலையில் பட்டை நெடுக வெடித்துக் கிடந்தது. அங்கே ஒரு செடியும் பிழைக்கவில்லை. துரையிடம் இரண்டையும் சொன்னேன். மறுநாள் அவர் மூலை வரை நடந்து போய்ப் பார்த்தார். "இந்த இடம் ஒங்க தப்பு," என்றார். கையை உச்சிப் பக்கம் நீட்டி, "அது ஒங்க வேலை," என்றார். எழுதிக் கொடுத்தபடி மிலாறு லயத்துக்குப் போனது.

எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு நான் சொல்லக் கூடியது இது. வேரை உச்சியில் பாருங்கள். தொடங்கும்போது பெய்கிற மழை முடியும்போதும் பெய்யும் என்று கணக்குப் போடாதீர்கள். ஆட்களுக்கு விறகு தேவை, அது நியாயமான தேவை. கவ்வாத்துக்கு முன்பே வேறு விறகுக்கு வழி செய்து வையுங்கள். நான் அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அப்படித்தான் செய்தேன். என் பிரிவில் இன்னொரு மூலை காயவில்லை.

ஆனால் அந்த ஒரு மூலை காய்ந்ததுதான். அது யாருடைய நிரை என்று, ஒன்பதாம் மலையில் மீண்டும் கொழுந்து பறிக்கத் தொடங்கிய காலையில்தான் எனக்கு உறைத்தது. முப்பத்தொன்பது பெண்கள் தத்தம் நிரையில் இறங்கினார்கள். செல்வராணி மட்டும் கூடையோடு, காய்ந்த வரிசைகளின் முன் நின்றார். நான்கு கட்டையும் முதலில் கொண்டு வந்தவர். அவை உச்சியில் மற்றவர்களின் செடிகளை மூடின.

வேறு வழி தெரியாமல், "நீங்க பதினாறாம் மலைக்குப் போங்க, அங்க ஆளு கொறையுது" என்றேன். பதினாறு மூன்று மைல் தூரம். அவர் கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டு திரும்பினார்.

மேலேயிருந்து மரகதத்தின் குரல் வந்தது.

"எங்கங்க அனுப்புறீங்க அவள?"

"இங்க நிரை இல்லையே."

"அவ மிலாறு எங்க செடி மேல கெடந்துச்சில்ல? அப்ப நிரையும் இங்கதான் கெடக்கும்." பிறகு என்னை விட்டுவிட்டுப் பெண்களைப் பார்த்துக் கத்தினார்: "ஏ புள்ளைகளா, ஆளுக்கு ரெண்டு வரிச தள்ளிப் புடிங்கடி! நடுவுல ஒரு ஆளு வருது."

"ரெண்டு வரிச போனா எனக்குக் கிலோ கொறையுமே அக்கா!"

"வாய கொறச்சா கிலோ கூடும். தள்ளுடி!"

முணுமுணுப்புகளோடு, ஒருவர் பின் ஒருவராகத் தள்ளிப் பிடித்தார்கள். நடுவில் ஒரு நிரை அகலத்துக்கு இடம் விழுந்தது. செல்வராணி ஏறிப் போய் அதில் இறங்கினார். நிரைப் பட்டியலை நான் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. எழுதி முடித்து நிமிர்ந்தபோது அவருடைய கூடையின் அடி கொழுந்தால் மறைந்திருந்தது.